சிவகாசியிலிருந்து ஒரு மார்பு ஆபரேஷனுக்கு

பழனிக்கு எந்த வழி, குற்றாலத்தில் எந்த மாதம் என்று இந்த வலைப்பதிவில் நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு பதிவில், ராமேஸ்வரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்ததைச் சொல்லும்போது, நெஞ்சில் இருக்கும் பழைய ஆபரேஷன் தழும்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். போன மாதம் ஒரு வாசகர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆண்களுக்கு மார்பு பெருத்திருந்தால் செய்கிற ஆபரேஷன்தானே அது, போனால் என்ன நடக்கும், எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தார். கடைசியில், தன் பெயரைப் போட வேண்டாம் என்று மூன்று ஆச்சரியக்குறிகளோடு எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. நான் போய்வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இடையில் ரயில் பாதை அகலமாகிவிட்டது, பஸ் கட்டணம் எங்கேயோ போய்விட்டது, ராமநாதபுரம் மாவட்டமே மூன்றாகிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்கிற குரல் மட்டும் அப்போது எந்த அளவுக்குத் தாழ்ந்திருந்ததோ அதே அளவில் இருக்கிறது. அதனால் இதையும் ஒரு பயணக் கட்டுரையாக எழுதிவிடுகிறேன். கட்டணங்கள் இன்று பயன்படாது. மற்றதெல்லாம் பயன்படும்.

பயணம் நடந்தது 1963, ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டார்கள். ஆண் பிள்ளை மார்பை அறுத்துக்கொள்வதை யாரும் நல்ல காரியம் என்று சொல்லப்போவதில்லை என்பதால் மாதப் பொருத்தம் சரியாக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் வேலை. காலண்டர், பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள். அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாளைக் கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டி ஒப்புதல் வாங்கி வருவது என் பொறுப்பு. பதினான்கு வயதில் இரண்டு காம்புக்கு அடியிலும் கட்டியாக ஒன்று விழுந்தது. தானே கரையும் என்றார்கள். என் வகுப்பில் இரண்டு பேருக்குக் கரைந்தது. எனக்கு அது தங்கிவிட்டது, வளர்ந்தும்விட்டது. இருபது வயதில் சட்டைக்கு உள்ளே பனியன், பனியனுக்கு உள்ளே இறுக்கிக் கட்டிய துண்டு என்று மூன்று அடுக்கு உடுத்தி நடந்தேன். சிவகாசி வெயிலை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஒருவர் லேகியம் கொடுத்தார். ஒருவர் அட்டைப்பூச்சி விட்டு ரத்தம் எடுத்தார். உலக்கை பிடித்தால் நெஞ்சு இறுகும் என்று ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு மாதம் அக்கா வீட்டில் கம்பு குத்தினேன். அக்காவுக்கு மாவு கிடைத்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போகமுடியாது. எங்கள் அச்சகத்தில் வருடத்துக்கு எத்தனையோ ஆயிரம் காலண்டர்கள் அச்சாகும். அதில் வருகிற குழந்தைக் கண்ணனுக்கும் பால முருகனுக்கும், ஏன், வில்லேந்திய வாலிபக் கடவுள்களுக்கும் ஓவியர் போடுகிற நெஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா? கொழுகொழுவென்று, உருண்டையாக, ரோஸ் நிறம் சற்றுத் தூக்கலாக. ஊரே அதை வாங்கிச் சுவரில் மாட்டிச் சூடம் காட்டும். அதே நெஞ்சு ஓர் அச்சகத்துக் குமாஸ்தாவிடம் இருந்தால் தெருவில் விசில் அடிக்கும். தெய்வத்துக்கு அழகு, மனிதனுக்கு அசிங்கம் என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இனி, பயர் ஆபீஸ் வாசல். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். உள்ளே போகிற யாராக இருந்தாலும் வாசலில் காவல்காரர் தோளிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்த்துத்தான் விடுவார். தீப்பெட்டி, பீடி, இரும்புச் சாமான் உள்ளே போகக்கூடாது. நியாயமான சட்டம். பல உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் என்னைப் பொறுத்தவரை அது வாரத்துக்கு மூன்று தடவை நடந்த தண்டனை.

என் அக்கா கணவர் ராமையா அத்தான் போர்மேனாக இருந்த கம்பெனியில் சுடலை என்பவர் காவல். நாற்பது வயது இருக்கும். அக்கினி வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிய கனத்த காக்கிக் கோட்டுடன் நிற்பார். எல்லோரையும் தடவிப் பார்க்கிற அவரை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. என் நெஞ்சுக்குக் கை வந்ததும் நிறுத்துவார். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் உள்ள இருந்து வெளிய சரக்குக் கடத்துவாக. நீக வெளிய இருந்து உள்ள கொண்டு வாரீகளே!"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். மறுநாள் அதே வசனம் வேறு தினுசில் வரும். "இன்னைக்கு லோடு கொஞ்சம் அதிகமோ?" என்பார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போவேன். சிரிக்காவிட்டால் கூச்சம் என்று தெரிந்துவிடும். கூச்சம் என்று தெரிந்தால் அது எல்லாக் கம்பெனி வாசலுக்கும் போய்விடும்.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் காரியாபட்டிப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டில் எனக்குப் பெண் பேசி, தை மாதம் முகூர்த்தம் என்று முடிவாகிவிட்டது. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைச் சட்டையில்லாமல் மணையில் உட்காரவைத்து, இரண்டு வீட்டுப் பெண்களும் வரிசையாக வந்து சந்தனமும் மஞ்சளும் பூசுவார்கள். நலங்கு. பந்தல் நிறைய ஆட்கள், நடுவில் நான், என் மேல் எதையும் மூடாத சந்தனம். கல்யாணத்தை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் இதை எடுக்கவேண்டும். விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். இதற்கு ஆபரேஷன் உண்டு, மதுரைக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அக்காவுக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும். அத்தான் கூட வந்தார். காலை ஆறு மணிக்குச் சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு முதல் பஸ். பதினாறு மைல் சுமார், கட்டணம் எழுபத்தைந்து காசு. ரயிலும் உண்டு, ஆனால் ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும். ரகசியமாகப் போகிறவர்களுக்குப் பஸ்ஸே நல்லது. திருத்தங்கலில் தாள் கட்டுகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள். இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஆமத்தூர் தாண்டும்வரை தூங்குவதுபோல் இருந்தேன். ஒருவர் அத்தானிடம் கேட்டார்.

"என்ன போர்மேன், சீசன் நேரத்துல மச்சினனைக் கூட்டிக்கிட்டு எங்கன கெளம்பிட்டீக?"

"சும்மா, மதுரைக்கு ஒரு சோலியா," என்றார் அத்தான். அவருக்குப் பொய் சொல்ல வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் மிளகாய் மண்டிக் காற்று நம்மை வரவேற்கும். தும்மாமல் ஸ்டேஷனுக்குப் போனவர் யாரும் இல்லை. போகும்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் தும்மலாம். திரும்பி வரும்போது நெஞ்சில் ஆறாத புண் இருக்கும், மூக்கை ஈரத் துணியால் பொத்திக்கொண்டு மண்டித் தெருவைச் சுற்றி வாருங்கள். இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே இந்தப் பதிவு எழுதப்பட்டது என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை. இனித் தெரிந்த முகம் இல்லை என்பதால் ரயில், மூன்றாம் வகுப்பில் மதுரை ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கள்ளிக்குடி, திருமங்கலம், திருப்பரங்குன்றம். மதுரையில் இட்லி தின்றுவிட்டு மறுபடி பஸ், ஒன்றரை மணி நேரம். ஆபரேஷனுக்கு முன் நான் வயிறாரச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிற இடத்தில் இருந்த குமாஸ்தா சீட்டைப் படித்தார். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"சம்சாரம் எங்க? கூட்டிட்டு வாங்க."

"எனக்குத்தான்."

"மார்பு ஆபரேஷன்னு இருக்கே?"

"எனக்கும் மார்பு இருக்குது சார்."

மார்பு என்றால் பெண்கள் வார்டு என்பது அங்கே எழுதாத சட்டம். சட்டத்தை மாற்றுவதா, என்னை மாற்றுவதா என்று அவருக்குக் குழப்பம். கடைசியில் உள்ளே போய்க் கேட்டு வந்து ஆண்கள் வார்டில் ஒரு கட்டிலைக் காட்டினார். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும், அது என்ன வியாதி என்று வரிசையில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

வார்டு சிஸ்டர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார். "நீங்க சிவகாசிப் பக்கமா? நான் திருத்தங்கல்."

எனக்கு உயிர் போய்விட்டது. இருநூறு பேர் இருக்கும் ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்தவர், என் ஊருக்கு அடுத்த ஊர். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட மட்டுந்தான் நான் வாயத் தொறப்பேன். இங்கன பாத்தது இங்கனயே இருக்கும்."

அவர் வாக்கைக் காப்பாற்றினார். கடைசிவரை அந்த ரகசியம் அவர் பக்கமிருந்து வெளியே வரவில்லை.

டாக்டர் குள்ளமானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். முதலில் கேள்விகள். குடிப்பழக்கம் உண்டா? மஞ்சள் காமாலை வந்ததா? என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள்? லேகியத்தைச் சொன்னதும் முகம் சுளித்தார். பிறகு மார்பையும் வயிற்றையும் அதற்குக் கீழேயும் பார்த்தார். சில மருந்துகளாலும், ஈரல் கெட்டாலும், விதையில் கோளாறு இருந்தாலும் இது வரலாமாம். அதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கத்தியை எடுக்கவேண்டுமாம். வளர்கிற வயதுப் பையன்களுக்கு இது வருவது சகஜம் என்றும், அநேகமாகத் தானே போய்விடும், போகாமல் தங்கிவிட்டால்தான் ஆபரேஷன் என்றும் சொன்னார். பையன்களைப் பெற்றவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள். படித்துவிட்டுப் பையனைக் கேலி செய்யாமல் இருங்கள்.

இதற்குள் பயிற்சிக்கு வந்திருந்த நாலைந்து இளைஞர்கள் கட்டிலைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். என்னிடம் கேட்டுவிட்டுத் தொடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பயர் ஆபீஸ் வாசலுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான், இவர்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு அன்று அது தெரியாது.

அவர்கள் போனபிறகு டாக்டர் கேட்டார். "இது வியாதி இல்ல. எடுக்காட்டியும் உசுருக்கு ஒண்ணுமில்ல. எதுக்கு எடுக்கணும்?"

வாசல், சுடலை, நலங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படின்னா ஆபரேஷனை அந்த வாசலுக்கில்ல பண்ணணும்."

"அதுக்கு எந்த ஆஸ்பத்திரி சார்?" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆபரேஷனை மறுநாள் காலைக்கு வைத்தார். அத்தானுக்குத் தீபாவளிச் சீசன் வேலை, அன்று சாயங்காலமே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஆபரேஷன் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முகத்தில் ஒரு வலைமூடியை வைத்து ஈதர் என்ற மயக்க மருந்தை விட்டார்கள். அழுகிப்போன பழக்கடையும் பெட்ரோல் பங்கும் கலந்த வாசனை. எண்ணச் சொன்னார்கள், பத்துக்குப் போகவில்லை. விழித்ததும் வாந்தி. காம்பைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில் அரை நிலா மாதிரிக் கீறி, அதன் வழியாக உள்ளே இருக்கும் கட்டியை எடுப்பார்கள். எனக்கு எடுத்ததைக் காட்டினார்கள். வெளுத்த, ரப்பர் மாதிரியான இரண்டு வில்லைகள். பன்னிரண்டு வருடம் என்னைத் தலை குனிய வைத்தவை இரண்டும் ஒரு எனாமல் கிண்ணத்தில் கால்வாசி கூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டு பக்கமும் நீர் வடிய ரப்பர் குழாய் வைத்து நெஞ்சை இறுகக் கட்டியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் மூச்சை இழுத்துவிட்டால் வலிக்கும். மல்லாந்துதான் படுக்கவேண்டும். குழாயை எடுத்த பிறகு இடது பக்கம் நீர் கோத்தது, ஊசி போட்டு இழுத்தார்கள். அது நடப்பதுதான், பயப்படவேண்டாம். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கன்றிப்போன நீலம் மஞ்சளாக மாறும். தொட்டால் மரத்த மாதிரி இருக்கும், எனக்கு உணர்ச்சி முழுதாக வர ஆறேழு மாதம் ஆயிற்று. ஒரு மாதத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது. அதாவது தலை சீவ முடியாது, சட்டையைத் தலைவழியாகப் போட முடியாது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. மொத்தச் செலவு அறுபது ரூபாய். சிஸ்டர் கட்டை மாற்றிவிட்டு, "இனிமே துண்டு கட்ட வேணாம், வெயில்ல சாகாதீங்க," என்று வழியனுப்பினார்.

திரும்பும் பயணத்தைத்தான் நான் மறக்கவில்லை. விருதுநகரில் சிவகாசி பஸ் நிறைந்திருந்தது. கம்பியைப் பிடிக்க முடியாமல் படியருகே திகைத்து நின்றேன். கண்டக்டர் என் சட்டைக்குள் தெரிந்த கட்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, லேபிள் கொடுக்கப் போன எடத்துல மருந்து வெடிச்சது ஒங்களுக்குத்தானா?" கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸுக்குள் திரும்பினார். "ஏலே, எந்திரிலே! வெடி விபத்துல தப்பி வந்த மனுசன் நிக்காரு!"

மூன்று பேர் எழுந்தார்கள். டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஓர் அம்மாள் மடியிலிருந்த நுங்கை நீட்டினார். "நெஞ்சுலயே வாங்கிட்டீகளேய்யா, ஆம்பளன்னா நீங்கதான்," என்றார். பதினாறு மைலும் அந்த மரியாதையில்தான் வந்தேன். இதே பாதையில் இதே ஆட்களுக்கு நடுவில் இத்தனை வருடம் முதுகைக் குறுக்கிக்கொண்டு போய்வந்தவன் நான். எங்கள் ஊரில் நெஞ்சு எரிந்தால் வீரம், தானாக வளர்ந்தால் வேடிக்கை என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான் சொல்லி வச்சீங்க?"

"மாப்ளே, எல்லாரும் கேக்காக. ஆசுபத்திரின்னு வாய் தவறிட்டேன். எதுக்குன்னு கேக்காக. நெஞ்சுலன்னு சொல்லிட்டேன். நெஞ்சுல என்னன்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல? மருந்துப் பொறி தெறிச்சிருச்சுன்னேன். நம்ம ஊருல அதச் சொன்னா மேக்கொண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாகன்னு நெனச்சேன்."

அவர் கணக்கு தப்பவில்லை, ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் பேச்சு தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்விட்டது. பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு ஆளுக்கு நெஞ்சில் தீக்காயம், கம்பெனி சொல்லாமல் மறைக்கிறது என்று அவர் வந்து, விசாரணை முடியும்வரை வெடிமருந்து கலக்கும் அறையைப் பூட்டிவிட்டார். மருந்து இல்லாவிட்டால் திரி இல்லை, வெடி இல்லை, யாருக்கும் வேலை இல்லை. தீபாவளி ஆர்டர் குவிந்துகிடக்கிற நேரத்தில் ஐந்து நாளாக அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அத்தானைக் கூப்பிட்டு, காயம் பட்டவனைக் கொண்டுவந்து நிறுத்து, இல்லாவிட்டால் நீ நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வீட்டுல எண்ணெய்ச் சட்டி கவுந்துருச்சுன்னு சொல்லிருவோமா?" என்றார் அத்தான்.

"அவரு காயத்தைக் காட்டச் சொல்லுவாரு அத்தான். எந்த எண்ணெய் அரை வட்டமா கவுழும்?"

அக்கா இன்னொரு செய்தியும் சொன்னாள். காரியாபட்டியிலிருந்து பெண்ணின் அப்பா ஆள் அனுப்பியிருந்தாராம். தீக்காயம் ஆம்பளைக்கு ஒரு குறையே இல்லை, தேதியில் மாற்றம் வேண்டாம் என்று. அதாவது நான் பேசாமல் இருந்தால் கல்யாணம் நடக்கும், நலங்கில் உட்கார்ந்தால் பெருமையாகக்கூட இருக்கும். வாயைத் திறந்தால் அத்தான் வேலையும் மற்றவர்கள் கூலியும் பிழைக்கும், ஆனால் நான் அறுபது ரூபாய் கொடுத்து மறைத்தது ஊர் முழுக்கத் தெரியும். ராத்திரி முழுக்க மல்லாந்து படுத்து யோசித்தேன். வேறு மாதிரிப் படுக்க முடியாது.

காலையில் போனேன். இன்ஸ்பெக்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதலாளி. மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். சுடலை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க, ரூம்ல வச்சுப் பார்க்கிறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனிதர்.

"வேண்டாம் சார். உள்ள பார்த்தா, முதலாளி ஒங்களைச் சரிக்கட்டிட்டாருன்னு இவங்க பேசிக்கிடுவாங்க. இங்கயே பாருங்க."

சட்டையைக் கழற்றினேன். கட்டையும் அவிழ்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாசலில் என்னைத் தடவிப் பார்க்க எதுவும் இல்லை. இரண்டு அரை நிலாத் தழும்பு மட்டும் சிவந்து தெரிந்தது.

"இது தீக்காயம் இல்லையே," என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன ஆபரேஷன்?"

"மார்பு பெருசா இருந்துச்சு சார். எடுத்துட்டாங்க. இந்தக் கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்த வாசலுக்குக் கொஞ்சம் உண்டு."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். திரி வெட்டும் முத்தம்மா திரும்பி அவன் தலையில் ஒரு போடு போட்டாள்.

"என்னலே இளிப்பு? அஞ்சு நாளா ஓந்தலையில விழுந்த துண்டை எடுத்துக் குடுக்க வந்திருக்காரு. மூடுலே வாய!"

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ப் பூட்டைத் திறக்கச் சொன்னார். எல்லோரும் உள்ளே ஓடினார்கள். சுடலை ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து விட்டார். அன்றைக்கு அவர் ஒரு வசனமும் பேசவில்லை.

காரியாபட்டிக்குச் செய்தி நாலு நாளில் போயிற்று. பதிலும் வந்தது. வெந்தவன் என்றால் ஏற்றுக்கொண்டிருப்போம், வெட்டிக்கொண்டவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று. இதில் இருக்கும் தர்க்கத்தை இன்றுவரை ஆராய்ந்து வருகிறேன். மூன்று வருடம் கழித்து வேறு ஊரில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நலங்கில் சட்டையில்லாமல் உட்கார்ந்தேன், சந்தனம் சந்தனமாகவே இருந்தது. தழும்பு ஏது என்று என் மனைவி கேட்டபோது முழுக் கதையும் சொன்னேன். "இதுக்கா இம்புட்டு?" என்றாள். அவள் கேட்டது சரிதான். ஆனால் அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டிருக்கக்கூடாது, ஊரைப் பார்த்துக் கேட்டிருக்கவேண்டும்.

இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். சின்ன வயதானால் பொறுத்துப் பாருங்கள். எடுக்காமலே நிம்மதியாக இருக்க முடிந்தால் இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எடுப்பதானால் உங்களுக்காக எடுங்கள். தன்னம்பிக்கை விற்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள், என்னிடம் லேகியம் விற்றவரும் அதைத்தான் சொன்னார். ஈதரெல்லாம் இப்போது இல்லை, காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் இறுக்கமான கட்டும், மரத்துப்போவதும், கை தூக்க முடியாததும் மாறவில்லை. முன்னால் பொத்தான் வைத்த சட்டை இரண்டு எடுத்துப்போங்கள். கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஊருக்கு என்ன சொல்வது என்பதை அவரோடு பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். உண்மையைச் சொல்வதானால் ஒத்திகை தேவையில்லை.

என்னிடம் இந்தப் பயணத்தைப் பற்றி முதலில் கேட்டவர் இந்த வாசகர் அல்ல. அந்த 1963-ஆம் வருடத் தீபாவளி முடிந்த வாரம். அச்சகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காக்கிக் கோட்டோடு சுடலை வந்து நின்றார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். இத்தனை வருடமாக அவருக்கென்று நான் சேர்த்துவைத்திருந்த வசவுகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாம் நல்ல தமிழில், எதுகை மோனையோடு.

அவர் கோட்டின் கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார். அடுத்தது. அதற்கு அடுத்தது. உள்ளே ஒரு துண்டு, இறுக்கிக் கட்டியிருந்தது. என்னைவிட நன்றாகக் கட்டத் தெரிந்தவர்.

"உள்ள மருந்து ரூம்ல வேட்டியோட, வெத்து ஒடம்போட நிக்கணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் வாசக்காவல் கேட்டு வாங்குனேன். இங்கன கோட்டு போட்டுக்கிடலாம்." அவர் தரையைப் பார்த்தார். "நான் முந்திக்கிட்டு அடுத்தவனச் சொல்லலைன்னா, எவனாச்சும் என்னயச் சொல்லிருவான்."

அந்த வசவுகளை நான் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அவை இன்னும் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஆறு மணி பஸ், மிளகாய் மண்டி, மதுரை இட்லி, மார்பு என்றால் பெண்கள் வார்டைக் காட்டுகிற குமாஸ்தா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"அங்கன கோட்டைக் கழட்டணுமோ?"

"கழட்டணும்."

"எல்லாரும் பாப்பாகளோ?"

"பாப்பாங்க. பாத்துட்டுக் கட்டை மாத்திட்டுப் போயிருவாங்க."

அவர் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தானைப் போடவில்லை.

"பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு சொன்னீக?" என்றார்.